படைத்துறை உபரிக் கூடுகள்: தெரிவும் தயாரிப்பும்

அத்தியாயத்தின் எல்லை

ரைஃபிள் தோட்டா நான்கு உறுப்புகளால் ஆனது: பாயும் குண்டு, அதைத் தள்ளும் வெடிமருந்து, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், இம்மூன்றையும் தாங்கும் பித்தளைக் கூடு. சுட்டதும் முதல் மூன்றும் செலவாகிவிட, கூடு மட்டும் எஞ்சுகிறது. நான்கில் விலை கூடியது பெரும்பாலும் அதுவே என்பதால், கூட்டைச் சீர்செய்து மீண்டும் நிரப்பும் பழக்கம் அமெரிக்க இலக்குச் சுடுநரிடையே நெடுங்காலமாக வேரூன்றி நிற்கிறது. அவர்களுக்கு மலிவாகவும் மூட்டைக்கணக்கிலும் கிடைப்பவை, படைப்பிரிவுகள் பயிற்சியில் சுட்டுக் கழித்து உபரியாக விற்கப்படும் கூடுகள். 2009இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இக்கூடுகளைச் சிதைத்த பின்னரே விற்க வேண்டும் என்று ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தபோது எழுந்த எதிர்ப்பும், மொன்டானா மாநிலச் செனட்டர்கள் மேக்ஸ் பாக்கஸ், ஜான் டெஸ்டர் ஆகியோரின் தலையீட்டால் அது சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டதும், இச்சந்தை எத்தனை பேரைச் சார்ந்தது என்பதைக் காட்டும்.

இந்த அத்தியாயம் கூட்டைத் தெரிவு செய்வதில் தொடங்கி, அது நிரப்பத் தகுந்த நிலையை அடைவதோடு முடிகிறது. பிரைமர் பொருத்துவதும் மருந்து நிறுப்பதும் இங்கே பேசப்படவில்லை. மருந்தின் அளவை அச்சிடப்பட்ட மறுநிரப்பக் கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும், பிறர் வாய்ச்சொல்லிலிருந்து எடுக்கக் கூடாது.

சட்டம் பற்றிய எச்சரிக்கை: அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் தோட்டா நிரப்புபவருக்கு உரிமம் தேவையில்லை, விற்பனைக்காகச் செய்பவருக்கு உரிமம் கட்டாயம். இந்தியாவின் நிலை முற்றிலும் வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டாவின் உறுப்புகளையும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களையும் தோட்டா என்ற வரையறைக்குள்ளேயே அடக்கி, உரிமமின்றி அவற்றைத் தயாரிப்பதைக் குற்றமாக்குகிறது. ஆகவே தாம் வாழும் நாட்டின் சட்டம் இடம் தந்தால் மட்டுமே வாசகர் இதைக் கைவேலையாக மேற்கொள்ள வேண்டும்.

படைக்கூடு எவ்வகையில் வேறுபட்டது

கோட்பாடாக அறிய வேண்டியவை மூன்றே. முதலாவது, பிரைமர் பின்னோக்கிக் கழன்று இயந்திரத் துப்பாக்கியின் இயக்கத்தைச் சிக்க வைத்துவிடாதபடி, அது அமர்ந்துள்ள குழியின் வாயைச் சுற்றிப் பித்தளையை உள்நோக்கி நசுக்கி வைத்திருப்பார்கள். இந்த நசுக்கல் கிரிம்ப் எனப்படும். இரண்டாவது, 30-06, 7.62 நேட்டோ ஆகிய அளவுகளின் படைக்கூடுகள் பெரும்பாலும் வணிகக் கூடுகளைவிடச் சுவர் தடித்தவை. வெளியளவு மாறாமல் சுவர் தடித்தால் உள்ளிடம் குறையும், உள்ளிடம் குறைந்தால் அதே அளவு மருந்து கூடுதல் அழுத்தத்தைத் தரும். மூன்றாவது, இக்கூடு எந்தத் துப்பாக்கியில் சுடப்பட்டது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. இயந்திரத் துப்பாக்கியின் சேம்பர், அதாவது தோட்டா அமரும் அறை, தூசியும் சூடும் தாங்கி இயங்க வேண்டித் தாராளமாகக் குடையப்பட்டிருக்கும். அதில் சுட்ட கூடு நீளத்திலும் அகலத்திலும் விரிந்தே வெளியே வரும்.

இந்த மூன்றுக்கும் தீர்வு கருவியில் இருப்பதாகப் புதியவர்கள் நம்பி, பளபளக்கும் பிரஸ்ஸையும் (கைப்பிடியால் இயக்கும் அழுத்தி) டையையும் (கூட்டைத் திருத்தும் எஃகு அச்சு) முதலில் வாங்குகிறார்கள். உண்மையில் வேலையின் பெரும்பகுதி, மேசைமேல் கொட்டிய கூடுகளைக் கண்ணாலும் விரலாலும் தரம் பிரிப்பதிலேயே அடங்கியுள்ளது; அந்தப் பிரிப்பில் குறை வைத்தால் பின்வரும் ஒவ்வொரு படியிலும் அது வெளிப்படும்.

தொடங்குமுன் பாதுகாப்பு

1. முதல் கூட்டைக் கையில் எடுப்பதற்கு முன்பே கண்காப்புக் கண்ணாடி அணிய வேண்டும். வெற்றுக் கூடுகளின் மூட்டையில் சுடப்படாத தோட்டாவோ வெடிக்காத பிரைமரோ கலந்திருப்பது அரிதன்று.

2. சுட்ட பிரைமரின் எச்சத்தில் ஈயம் உண்டு. எனவே தரம் பிரிப்பதும் கழுவுவதும் சமையலறையில் நடக்கலாகாது. இதற்கென்று ஒதுக்கிய பாத்திரம் மீண்டும் அடுப்பங்கரைக்குத் திரும்பலாகாது. வேலை முடிந்ததும் சோப்பால் கை கழுவாமல் உண்பதோ புகைப்பதோ கூடாது. சிறு குழந்தைகள் தவழும் வீட்டில் தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

3. சுடப்படாத தோட்டா கண்ணில் பட்டால் அதைப் பிரிக்க முயலாமல் தனியே எடுத்து வைத்து, சுடுதளப் பொறுப்பாளரிடமோ காவல்துறையிடமோ ஒப்படைக்க வேண்டும். வெடிக்காத பிரைமர் உள்ள கூட்டை ஊசியால் குத்தி வெளியேற்ற முற்படுவது, கைக்கும் முகத்துக்கும் எதிரே சிறு வெடி வைப்பதற்கு ஒப்பானது.

அடிமுத்திரையைப் படித்தல்

கூட்டின் அடித்தட்டில், பிரைமரைச் சுற்றிப் பொறிக்கப்பட்டிருக்கும் எழுத்துகளும் எண்களும் அடிமுத்திரை எனப்படும். எல்.சி. என்பது மிசௌரி மாநிலத்தின் இண்டிபென்டன்ஸ் நகரில் 1941இல் தொடங்கிய லேக் சிட்டி ஆலையையும், எஃப்.ஏ. என்பது ஃபிலடெல்ஃபியாவில் 1977இல் மூடப்பட்ட ஃபிராங்ஃபோர்ட் ஆயுதத் தொழிற்சாலையையும், டி.டபிள்யூ. என்பது மினசோட்டாவின் ட்வின் சிட்டீஸ் ஆலையையும் குறிக்கும். உடனிருக்கும் ஈரிலக்க எண் ஆண்டு: எல்.சி. 67 என்றால் 1967இல் லேக் சிட்டியில் செய்யப்பட்டது. வட்டத்துக்குள் சிலுவைக்குறி இருந்தால் அது நேட்டோ தரத்துக்கு உட்பட்டது. கே.எஃப். என்று பொறித்த .303 கூடு புனேயை அடுத்த கிர்க்கித் தொழிற்சாலையில் செய்யப்பட்டு உலகெங்கும் உபரியாகப் பரவியது. பழைமை சேகரிப்போருக்கு அது அரிய பொருள், மறுநிரப்பத்துக்கு அது ஏற்றதன்று. காரணம் அடுத்த பகுதியில் விளங்கும்.

முத்திரையையும் ஆண்டையும் கொண்டு கூடுகளைத் தனித்தனி டப்பாக்களில் பிரிப்பது வெறும் ஒழுங்குக்காகச் செய்யும் வேலை எனத் தோன்றலாம். ஆனால் ஒரே ஆலையின் ஒரே ஆண்டுக் கூடுகள் அடித்தட்டின் தடிமனிலும் உள்ளிடத்திலும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். வெவ்வேறு ஆலையினவற்றைக் கலந்தால், கிரிம்ப் அகற்றும் கருவியை ஒருமுறை சரிசெய்து வைத்த அளவு ஒரு கூட்டுக்குக் குறைவாகவும் அடுத்ததற்கு மிகையாகவும் அமையும்.

தரம் பிரித்தல்

கீழ்க்காணும் வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது. ஒவ்வொரு படியிலும் தள்ளுபடியானவை அடுத்த படியின் உழைப்பைக் குறைக்கும்.

1. காந்தம்: ஒட்டிக்கொள்பவை எஃகுக் கூடுகள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் செம்பைச் சேமிக்க இவை செய்யப்பட்டன. இவற்றை ஒதுக்க வேண்டும்.

2. வாய்வழி நோக்கு: கூட்டின் வாய்க்குள் வெளிச்சம் பாய்ச்சி அடியைப் பார்க்க வேண்டும். நடுவில் ஒற்றைத் துளை தெரிந்தால் அது பாக்ஸர் வகை. இரு சிறு துளைகள் தெரிந்தால் பெர்டான் வகை. இதில் பிரைமர் மோதி நசுங்கும் பட்டடை கூட்டின் அடியிலேயே அமைந்திருப்பதால், நடுத்துளை வழியே ஊசி செலுத்திப் பழைய பிரைமரைத் தள்ள இயலாது. தெரியாமல் முயன்றால் ஊசி முறியும். பாக்ஸர் ஓர் ஆங்கிலேயர், பெர்டான் ஓர் அமெரிக்கர் என்றிருந்தும், அமெரிக்கா பாக்ஸர் வகையையும் ஐரோப்பிய நாடுகள் பல பெர்டான் வகையையும் ஏற்றுக்கொண்டன. மேலே சொன்ன கிர்க்கிக் கூடுகளும் பெர்டான் வகையினவே.

3. விரிசல்: கழுத்திலும் தோளிலும், அதாவது கூடு குறுகத் தொடங்கும் சரிவிலும், மயிரிழை விரிசல் உள்ளதா என நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். இருந்தால் மறுபேச்சின்றித் தள்ளுபடி.

4. அரிப்பு: உட்புறத்தில் பச்சைப் படலமும் அதன்கீழ்க் குழிகளும் உள்ள கூடு தள்ளுபடி. 1940களின் 30-06 கூடுகள் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரேட் கலந்த பிரைமரால் சுடப்பட்டவை. அதன் எச்சம் உப்பாகப் படிந்து காற்றின் ஈரத்தை உறிஞ்சி உலோகத்தை அரிக்கும். குழி விழாதவற்றைச் சூடான சோப்புநீரில் அலசினாலே உப்பு கரைந்துவிடும்.

5. பாதரசம்: பழைய ஐரோப்பியத் தோட்டாக்கள் சிலவற்றின் பிரைமரில் பாதரசச் சேர்மம் இருந்தது. அது பித்தளையோடு கலந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கும். கழுவுதலோ சூடேற்றுதலோ இதைச் சரிசெய்யாது. பூர்விகம் அறியப்படாத பழைய அயல்நாட்டுக் கூட்டை ஏற்காதிருப்பதே அறிவுடைமை.

6. கம்பிச் சோதனை: இது விரிவாகச் சொல்லத் தக்கது.

கம்பிச் சோதனை

விரிந்த சேம்பரில் சுடப்படும்போது கூட்டின் முன்பகுதி சுவரோடு ஒட்டிக்கொள்ள, அடிப்பகுதி பின்னோக்கி நகர்கிறது. இந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது, தடித்த அடித்தட்டு முடிந்து மெல்லிய சுவர் தொடங்கும் இடம். அடியிலிருந்து ஏறத்தாழ 1 செ.மீ. உயரத்தில் அது அமையும். அங்கே உட்புறத்தில் ஒரு வளையம்போல் சுவர் மெலிந்து, ஒருநாள் சுடும்போது கூடு இரண்டாகப் பிரியும். வெளியேறும் வாயு சுடுபவரின் முகத்துக்கு அருகிலேயே வெளிப்படும் என்பதால் இந்நூலில் சொல்லப்படும் குறைகளுள் இதுவே மிகவும் அஞ்சத்தக்கது.

சோதனைக்குத் தேவையான கருவி ஒரு காகிதக் கவ்வி மட்டுமே. அதை நேராக நிமிர்த்தி, நுனியில் சுமார் 3 மி.மீ. மட்டும் செங்கோணமாக மடித்து, மடித்த நுனியை அரத்தால் கூராக்க வேண்டும். கம்பியைக் கூட்டின் அடிவரை இறக்கி, நுனியைச் சுவரில் லேசாக அழுத்தியபடி மெல்ல மேலே இழுக்க வேண்டும். நல்ல கூட்டில் அடித்தட்டின் வளைவை ஏறிக் கடந்த பின் நுனி வழவழப்பாக வழுக்கிச் செல்லும். மெலிந்த கூட்டில் அதே இடத்தில் நுனி ஒரு கணம் விழுந்து சிக்கி, பின்பு ஏறும். மண்சாலையில் சைக்கிள் சக்கரம் சிறு பள்ளத்தில் இறங்கி ஏறும் உணர்வை அது விரலுக்குத் தரும். கூட்டைக் கால்வட்டம் கால்வட்டமாகத் திருப்பி நான்கு பக்கமும் இதைச் செய்ய வேண்டும். நல்லதெனத் தெரிந்த ஒரு புதுக் கூட்டில் முதலில் பழகிக்கொண்டால் வேறுபாடு ஐயமின்றி விளங்கும்.

குறிப்பு: வெளிப்புறத்தில் அதே உயரத்தில் பளிச்சென்ற வளையம் தெரிந்தாலும், அது டை தேய்த்த தடமாக இருக்கலாம்; வெளித்தோற்றத்தைக் கொண்டு முடிவு செய்யாமல் கம்பியின் தீர்ப்பையே ஏற்க வேண்டும். தள்ளுபடியான கூட்டின் வாயைக் குறட்டால் நசுக்கிவிட்டால், அது தவறுதலாக நல்லவற்றோடு மீண்டும் சேராது.

தூய்மை செய்தல்

தூய்மைக்கு இருவழிகள் உண்டு. அரைத்த மக்காச்சோளத் தக்கையோ வால்நட் ஓட்டுத் தூளோ நிரப்பிய அதிர்வுப் பாத்திரத்தில் சில மணி நேரம் உருட்டுவது உலர்முறை. சோப்புநீரும் துருப்பிடிக்காத எஃகு ஊசிகளும் இட்ட உருளையில் சுழற்றுவது ஈரமுறை. உலர்முறையில் ஈயத்தூசி காற்றில் பறக்கும் என்பதால், தூளைச் சலிப்பதை வீட்டுக்கு வெளியே முகமூடியுடன் செய்ய வேண்டும். ஈரமுறையில் தூசி இல்லை; ஆனால் ஒவ்வொரு கூட்டிலிருந்தும் எஃகு ஊசிகள் உதிர்ந்துவிட்டனவா எனப் பார்ப்பது கட்டாயம். இளவெயிலில் உலர்த்துவது போதும். அடுப்பில் வைத்துச் சூடேற்றினால் அடிப்பகுதியின் வலிமை குன்றும் ஆபத்து உண்டு.

30-06, 7.62 கூடுகள் பலவற்றின் கழுத்தின் உட்புறத்தில் கறுப்புத் தார் போன்ற படலம் இருக்கும். ஈரம் புகாமலிருக்கக் குண்டைச் சுற்றிப் பூசிய அடைப்பு அது. உருட்டலில் போகாத எச்சத்தைக் மினரல் ஸ்பிரிட் என்னும் கரைப்பானில் தோய்த்த கம்பித் தூரிகையால் தேய்த்து எடுக்க வேண்டும். கழுத்தைச் சுற்றித் தெரியும் நீலமும் பழுப்பும் கலந்த நிறமோ அழுக்கன்று. ஆலையில் கழுத்துக்குச் சூடேற்றிப் பதம் இளக்கியதன் தடம். வணிக ஆலைகள் அதை மெருகிட்டு மறைத்துவிடும், படை ஆலைகள் அப்படியே விட்டுவிடும். அதைத் தேய்த்துப் போக்க மெனக்கெடுவது வீண்.

எச்சரிக்கை: அம்மோனியா கலந்த பித்தளை மெருகுத் திரவங்களை ஒருபோதும் கூட்டில் பயன்படுத்தலாகாது. பிரித்தானிய இந்தியப் படையில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்கள், மழை ஓய்ந்து எடுத்துப் பார்க்கும்போது குண்டைக் கவ்விய கழுத்துப் பகுதியில் வெடித்துக் கிடந்தன. மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்னும் ஆய்வாளர்கள் 1921இல் இதற்கு விளக்கம் தந்தனர்: குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, இழுத்து வடித்த பித்தளைக்குள் உறைந்திருந்த இறுக்கத்தோடு சேர்ந்து உலோகத்தைப் பிளந்தது. பருவ வெடிப்பு என்று பெயர்பெற்ற அந்தக் கேட்டை, ஒரு புட்டி மெருகுத் திரவத்தால் இன்றைய மேசைமீதும் வரவழைத்துவிட முடியும்.

பிரைமரை நீக்கலும் கிரிம்பை அகற்றலும்

1. அளவு திருத்தும் டையின் ஊசி கிரிம்ப் உள்ள பிரைமரைத் தள்ளும்போது வளையவோ முறியவோ கூடும். எனவே தடித்த ஊசியுள்ள, பிரைமர் நீக்குவதற்கென்றே அமைந்த டையை முதலில் பயன்படுத்துவது நல்லது. பிரஸ்ஸின் கைப்பிடியைச் சீராக இறக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறான தடை தோன்றினால் அழுத்தாமல் நிறுத்தி, உள்ளே கல்லோ இரண்டாவது கூடோ சிக்கியுள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

2. வெளியேறிய பிரைமர்கள் மூடியுள்ள டப்பாவில் விழ வேண்டும்; அவற்றிலும் ஈயம் உண்டு.

3. இனிக் குழியின் வாயை நோக்கினால் கிரிம்ப் தெரியும். முழு வட்டமாக உள்நோக்கிச் சாய்ந்த விளிம்பு ஒருவகை. விளிம்பில் உளியால் குத்தியது போன்ற மூன்று, நான்கு பள்ளங்கள் மற்றொரு வகை. இதை அகற்றாமல் புதுப் பிரைமரைத் திணித்தால் அது நசுங்கும், கோணலாக அமரும், வெடிக்கவும் கூடும்.

4. அகற்றும் முறை இரண்டு. முதலாவது, கூட்டின் உள்ளே ஒரு தண்டு அடித்தட்டைத் தாங்கி நிற்க, கடினமான எஃகுக் குமிழ் ஒன்றைக் குழிக்குள் அழுத்தி, சாய்ந்த பித்தளையை மீண்டும் பின்னுக்குத் தள்ளுவது. உலோகம் இழக்கப்படுவதில்லை என்பது இதன் சிறப்பு. இரண்டாவது, ரீமர் என்னும் சுழல்வெட்டியால் சாய்ந்த விளிம்பைச் சீவி எடுப்பது. கருவி மலிவு, வேகம் கூடுதல், ஆனால் கை சற்றே அழுந்தினாலும் குழியின் சுவர் வெட்டப்பட்டுப் பிரைமர் தளர்ந்துவிடும்.

5. குமிழ்க் கருவியைச் சரிசெய்வது பொறுமை கேட்கும் வேலை. ஒரே முத்திரையுள்ள ஐந்து கூடுகளை எடுத்துக்கொண்டு, குமிழ் விளிம்பை வெறுமனே தொடும் அளவில் தொடங்கி, சிறிது சிறிதாக ஆழம் கூட்ட வேண்டும். சரியான அளவில் கைப்பிடி இறங்கும்போது ஒரு மெல்லிய தடை தோன்றி மறையும். குழியின் வாயில் மழுங்கிய, பளபளப்பான வளைவு தெரியும். தடையே இல்லையெனில் குமிழ் எட்டவில்லை. உடலெடையைக் கொடுத்து அழுத்த நேர்ந்தால் ஆழம் மிகை, குழி விரியத் தொடங்கிவிடும். அடுத்த முத்திரைக்குப் போகும்போது அடித்தட்டின் தடிமன் மாறுவதால் மீண்டும் சரிபார்க்க வேண்டும். முன்பே தரம் பிரித்து வைத்த உழைப்பு இங்கே பலன் தரும்.

6. ஒவ்வொரு குழியையும் போகும், போகாது என்ற இருமுனை அளவுகோலால் சோதிக்க வேண்டும். போகாத முனை நுழையும் கூடு தளர்ந்தது, தள்ளுபடி.

தனிப்பட்ட மதிப்பீடாகச் சொல்வதெனில், நூறு கூடுகளுக்குள் செய்பவருக்கு ரீமர் போதும். ஆயிரம் கூடுகள் வைத்திருப்பவர் குமிழ்க் கருவிக்குச் செலவிடத் தயங்க வேண்டியதில்லை. இவ்வேலை ஒரு கூட்டின் வாழ்நாளில் ஒரே முறைதான் என்பது ஆறுதல்.

அளவுக்குக் கொண்டுவருதல்

விரிந்த கூட்டை மீண்டும் சேம்பரில் அமரும் அளவுக்குச் சுருக்குவது அளவு திருத்தும் டையின் பணி. உயவு இடாமல் கூட்டை டைக்குள் செலுத்தினால் அது அங்கேயே இறுகிக்கொள்ளும். படைக்கூட்டின் தடித்த சுவர் இவ்வாபத்தைப் பெருக்குகிறது. கம்பளிக் கொழுப்பான லனோலினைச் சாராயத்தில் கரைத்துத் தெளித்து, சாராயம் ஆவியாகும் வரை காத்திருந்து வேலையைத் தொடங்குவது எளிய முறை. உயவு உடலில் சீராகவும் கழுத்தின் உட்புறத்தில் சிறிதளவும் இருக்க வேண்டும். தோளில் தேங்கினால் எண்ணெய்க்கு ஒதுங்க இடமின்றிப் பித்தளையில் குழி விழும்.

எவ்வளவு சுருக்குவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். தோளைத் தேவைக்கு மேல் பின்தள்ளினால் கூடு அடுத்த சுடுதலில் மீண்டும் நீள வேண்டியிருக்கும்; கம்பிச் சோதனையில் பேசப்பட்ட மெலிவை இவ்வாறு சுடுபவரே உண்டாக்கிக்கொள்கிறார். தம் துப்பாக்கியில் சுட்ட கூட்டின் தோளை அளந்து, கையால் இயக்கும் ரைஃபிளுக்கு அதைவிட 0.05 முதல் 0.08 மி.மீ. வரையும், தானாக மீள்நிரப்பும் ரைஃபிளுக்கு 0.08 முதல் 0.13 மி.மீ. வரையும் பின்தள்ளுவது பொது வழக்கம். முதன்முறை திருத்தும் உபரிக் கூட்டைப் பொறுத்தவரை, அந்த அளவுக்குள் வரும்வரை டையைச் சிறிது சிறிதாக இறக்கி, ஒவ்வொரு முறையும் சேம்பர் வடிவிலான அளவுக்கூட்டில் இட்டுப் பார்க்க வேண்டும். இயந்திரத் துப்பாக்கியில் சுட்ட கூடு சாதாரண டைக்குள் போய் வந்த பின்பும் சேம்பரில் இறுகினால், அடிப்பகுதியை மேலும் சற்றுச் சுருக்கும் சிறப்பு டை தேவைப்படும்.

.303 பற்றிய தனிக்குறிப்பு: இக்கூடு அடிவிளிம்பால் சேம்பரில் நிலைகொள்வது, அதைச் சுடும் லீ-என்ஃபீல்டு ரைஃபிள்களின் சேம்பர் தோளருகே தாராளமாகக் குடையப்பட்டது. ஒவ்வொரு முறையும் முழுநீளம் சுருக்கினால் கூடு சில சுடுதல்களிலேயே பிரிந்துவிடும். ஒரே ரைஃபிளில் சுட்ட கூட்டை அதே ரைஃபிளுக்கென ஒதுக்கி, கழுத்தை மட்டும் சுருக்குவதே அதன் ஆயுளைக் காக்கும் வழி.

நீளம் வெட்டுதல்

சுருக்கும்போது பித்தளை முன்னோக்கி வழிந்து கூட்டை நீட்டும். நீண்ட வாய் சேம்பரின் முடிவில் முட்டிக் குண்டை இறுகப் பற்றிக்கொண்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். எனவே சுருக்கி, உயவைத் துடைத்த பின்னரே நீளத்தை வெர்னியரால் அளக்க வேண்டும். சுருக்குமுன் அளந்த நீளத்துக்குப் பொருளில்லை. மிகுதியாக அனுமதிக்கப்படும் நீளமும் வெட்டும் நீளமும் வருமாறு:

30-06: மிகுதி 63.35 மி.மீ., வெட்டுவது 63.09 மி.மீ.
7.62 நேட்டோ, .308: மிகுதி 51.18 மி.மீ., வெட்டுவது 50.93 மி.மீ.
5.56 நேட்டோ, .223: மிகுதி 44.70 மி.மீ., வெட்டுவது 44.45 மி.மீ.
.303: மிகுதி 56.44 மி.மீ., வெட்டுவது 56.18 மி.மீ.

வெட்டிய வாயில் உள்ளும் புறமும் பிசிறு நிற்கும். உட்புற விளிம்பைச் சாய்த்து, வெளிப்புறப் பிசிறை ஒரு சுற்றில் நீக்கினால் போதும். கத்திமுனை போலக் கூராகும் வரை சுழற்றுவது வாயை வலுவிழக்கச் செய்யும்.

பதம் இளக்குதல்

சுட்டும் சுருக்கியும் வரும் கழுத்து நாளடைவில் கடினமாகி வெடிக்கும். சுடரில் காட்டி அதைத் திரும்ப இளகச் செய்யலாம். கழுத்தும் தோளும் மட்டுமே சூடாக வேண்டும். வெப்பம் அடிப்பகுதியை எட்டி அது இளகிவிட்டால், அழுத்தத்தைத் தாங்கும் முக்கியப் பகுதி மென்மையாகிவிட்டது என்று பொருள். அந்தக் கூட்டைக் காப்பாற்ற வழியில்லை. வெப்பங்காட்டும் மையும் பழகிய துணையும் இல்லாத தொடக்கநிலையாளர் இதைத் தவிர்த்து, கழுத்து வெடித்த கூட்டைக் கழித்துவிடுவதே தக்கது. ஆலையிலிருந்து வந்த இளக்கம் முதல் சில சுடுதல்களுக்குப் போதுமானது.

உள்ளிடத்தை அளத்தல்

தடித்த சுவர் எவ்வளவு இடத்தைத் தின்றுள்ளது என்பதை அறிய நீரே போதும். சுட்ட பிரைமர் குழியிலேயே இருக்கும் ஒரு கூட்டை நிறுத்து, வாய்மட்டம் வரை நீர் ஊற்றிக் குமிழியைத் தட்டி வெளியேற்றி மீண்டும் நிறுக்க வேண்டும். இரண்டின் வேறுபாடு அக்கூட்டின் உள்ளிடம். தரம் பிரிக்கும்போதே ஒவ்வொரு முத்திரையிலும் ஐந்து கூடுகளைப் பிரைமர் நீக்காமல் இதற்கென எடுத்து வைத்து, சராசரியை வணிகக் கூட்டின் சராசரியோடு ஒப்பிடலாம். நீரின் அளவு குறைந்தால், வணிகக் கூட்டைக் கொண்டு தயாரித்த கையேட்டின் உச்ச அளவு இக்கூட்டுக்குப் பொருந்தாது. கையேட்டின் தொடக்க அளவிலிருந்தே தொடங்க வேண்டும். 5.56 கூடுகளில் இவ்வேறுபாடு பெரும்பாலும் சிறிதே, 7.62 கூடுகளில் அதைப் புறக்கணிப்பது பிழை.

குறித்து வைத்தல்

தயாரான கூடுகளை மூடியுள்ள டப்பாவில் இட்டு, ஒட்டுத்தாளில் அடிமுத்திரை, ஆண்டு, எண்ணிக்கை, கிரிம்ப் அகற்றிய முறை, வெட்டிய நீளம், எந்த ரைஃபிளுக்கு உரியது, எத்தனை முறை சுடப்பட்டது ஆகியவற்றை எழுத வேண்டும். எம்1 கேரண்ட், எம்14 போன்ற தானாக மீள்நிரப்பும் ரைஃபிள்கள் கூட்டைக் கடுமையாக இழுத்து வெளியேற்றுபவை. அவற்றில் நான்கைந்து சுடுதல்களுக்குப் பின் கூட்டைக் கழித்துவிடும் வழக்கம் அனுபவமுடையோரிடம் உண்டு. சுடுதலின் எண்ணிக்கை எழுதப்படாத டப்பா கையில் கிடைத்தால், அதிலுள்ள ஒவ்வொரு கூட்டையும் கம்பிச் சோதனையிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.